பொம்மைக்குப் பணம் கிடைக்கிறது, அலைச்சலுக்கு யார் தருவார்?

உசிலம்பட்டியை அடுத்த செல்லம்பட்டி வட்டாரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “பதினொரு பெண்கள் சேர்ந்த எங்கள் குழு, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா அலுவலகம், மதுரை பெரியாஸ்பத்திரி ஆகிய இடங்களில் ஆக வேண்டியதைச் செய்து கொடுக்க இரண்டு ஆண்டுகளாக உதவுகிறது. முழுநேரமும் அலையும் தோழிக்கு நாங்களே பணம் போட்டுக் கொடுத்து வந்தோம், இனி முடியவில்லை. நாங்கள் அணுகிய நிறுவனம் பொம்மையும் நாற்காலியும் வாங்கித் தருகிறோம், சம்பளம் தர மாட்டோம் என்கிறது. எங்கள் குழு பதிவு செய்யப்படவில்லை. என்ன செய்யலாம்?”

தோழியின் ஊதியத்தைக் கேட்க நீங்கள் சிறிதும் கூச்சப்பட வேண்டாம், ஏனென்றால் உங்கள் பணியே அந்த அலைச்சல்தான். தடுப்பூசியும் சத்துணவும் மகப்பேறு நிதியுதவியும் அரசுச் செலவில் ஏற்கெனவே இருக்கின்றன. முறுக்குத் தொழிலுக்கு வெளிமாநிலம் போய்த் திரும்பும் ஒரு தாயின் மஞ்சள் பையில், பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதியும்போது கிடைக்கும் எண்) எழுதிய தாய்சேய் நல அட்டையும் ரேஷன் கார்டு நகலும் இருக்கும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் மட்டும் பெயருக்கான இடம் காலியாக இருக்கும். பிறப்பைப் பதிவு செய்த ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம் என்பதை அவருக்குச் சொல்லி, உடன் போய் எழுதிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். நாற்காலி அதைச் செய்யாது.

நன்கொடையாளரிடம் இதை நம்பும்படி சொல்ல உங்களிடம் ஒரு நோட்டு இருந்தாக வேண்டும். தேதி, குழந்தையின் வயது, எது குறைந்தது, எந்த அலுவலகத்துக்கு எத்தனை முறை போனோம், என்ன பதில் கிடைத்தது, பஸ் செலவு எவ்வளவு, எந்த நாளில் முடிந்தது என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வரி போதும். பிறகு கணக்குப் போடுங்கள். ஊதியம், பயணம், கைப்பேசி எல்லாம் சேர்ந்து மாதம் 12,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1,50,000. 120 குடும்பங்கள் என்றால் குடும்பத்துக்கு 1,250 ரூபாய். ‘சம்பளத்துக்கு உதவுங்கள்’ என்று கேட்பதைவிட இந்தக் கணக்கை நீட்டுவது வலுவானது.

நிர்வாகச் செலவு 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதியைக் காட்டி நிறுவனங்கள் மறுப்பதுண்டு. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்கீழ்ச் செலவிடும் நிறுவனம், தன் சமூகப் பொறுப்புப் பணிகளை மேற்பார்க்கத் தனக்காகச் செய்துகொள்ளும் பொதுநிர்வாகச் செலவுக்கான வரம்பு அது. திட்டத்தை நேரடியாக நடத்த ஆகும் செலவு அதில் சேராது என்பது 2021இல் திருத்திய விதிகளிலேயே இருக்கிறது. எனவே தோழியின் ஊதியத்தை நிர்வாகம் என்ற தலைப்பில் எழுதாமல், குடும்பங்களை நேரில் சந்திக்கும் களப்பணிச் செலவு என்று உள்ளபடியே எழுதுங்கள். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் நிதிகள் கட்டடம் போன்ற நிலையான சொத்துகளுக்கானவை. ஊதியத்துக்காக அவற்றின் பின்னே அலைய வேண்டாம்.

பதிவைப் பொறுத்தவரை, பொறுப்பு சுழற்சியாக மாறும் குழுவுக்கு அறக்கட்டளையைவிடச் சங்கமே பொருந்தும் என்பது என் கருத்து. 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் போதும். மாவட்டப் பதிவாளரிடம் பதிய வேண்டும். அடுத்து பான் எண், 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 12ஏபி (அமைப்புக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை) என்று வழங்கிவந்த பதிவுகள், பிறகு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பெறுவதற்கான சிஎஸ்ஆர்-1 எண். இந்தக் கடைசிப் படிக்கு மூன்றாண்டுப் பணி அனுபவம் காட்ட வேண்டியிருப்பதால், அதுவரை ஏற்கெனவே அந்த எண் பெற்றுள்ள ஒரு தொண்டு நிறுவனத்தின் வழியாக நிதி பெறுவதே நடக்கக்கூடியது. எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் அதற்கு இணங்காதீர்கள். வெளிநாட்டு நிதிக்கு இந்த வழி கிடையாது. அதைப் பெறும் அமைப்பு இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தருவதை வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம் தடை செய்துவிட்டது.

இடைக்காலத்துக்கு, உங்கள் ஊராட்சியில் மகளிர் குழுக்களின் கூட்டமைப்பிடம் ஒரு பகுதி மதிப்பூதியம் கேளுங்கள். உசிலம்பட்டிக் கடைவீதி வியாபாரிகள் மாதம் 200, 300 என்று தரக்கூடும். சிறு தொகையானாலும் ரசீது கொடுங்கள். ஆனால் தாய்க்குக் கிடைக்கும் மகப்பேறு நிதியிலிருந்து, அவரே மனமுவந்து நீட்டினாலும், ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். அப்படி வாங்கிய செய்தி ஒரு தெருவுக்குள் பரவினால் அடுத்த வீட்டுக் கதவு உங்களுக்குத் திறக்காது.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு முன்பே ஊராட்சிச் செயலரிடம் மனுக் கொடுத்து ஒப்புகை பெற்று, வாரம் இரு நாள் பயன்படுத்த ஒரு பொது அறையும், உங்கள் பணியை ஏற்கும் தீர்மானமும் கேளுங்கள். தீர்மான நகலை வாங்கி, நோட்டின் சில பக்கங்களோடு சேர்த்து (குழந்தைகளின் பெயர்களை மறைத்துவிட்டு), அதே நிறுவனத்திடம் மூன்றாண்டுத் திட்டமாக மீண்டும் விண்ணப்பியுங்கள்.