கூச்சத்தால் வாய் திறக்காத பிள்ளைக்கு வியாபாரம் சரிவருமா?

அன்புள்ள அக்காவுக்கு,

போன சனிக்கிழமை மகளின் தொழில் பற்றி ஆலோசனை கேட்க ஹட்டனில் என்னைப் பார்க்க வந்தபோது நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். உங்களுக்குக் கடைசி பஸ்ஸை விட்டுவிடக் கூடாது என்ற அவசரம். அதனால்தான் இப்போது எழுதுகிறேன். மகளே உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். அவளும் கேட்க வேண்டியவை இதில் இருக்கின்றன.

நீங்கள் கேட்டது இதுதான்: "மிஸ், இவ வாயே தொறக்க மாட்டா. நாலு பேரு முன்னால நின்னா தலைய குனிஞ்சிக்குவா. இவ போயி தையல் கடை போடப் போறேங்கிறா. கொழும்புல ஒரு கடையில வேல இருக்குன்னு எங்க அண்ணன் சொல்றாரு. அங்கேயே அனுப்பிறட்டுமா?"

உங்கள் மகளுக்கு உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தி. பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டதால் கம்பஸ் கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகள் பத்தனையிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் ஒவ்வொரு வருடமும் என்னிடம் வருகிறார்கள். பெற்றோர் கேட்பதும் அநேகமாக இதே கேள்விதான். வாய்ச் சாமர்த்தியம் உள்ள பிள்ளை வியாபாரம் செய்யும், இல்லாத பிள்ளை சம்பளத்துக்குப் போவதே மேல் என்று நாம் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். அந்தக் கணக்கு பிழை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சொந்தத் தொழில் செய்பவர்களையும் கம்பனிகளில் மேலாளராக இருப்பவர்களையும் குணத்தில் ஒப்பிட்டு உலகில் பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 2006இல் இரண்டு ஆய்வாளர்கள் அவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். கலகலப்பாகப் பழகும் குணத்தில் இரண்டு தரப்புக்கும் வித்தியாசமே தெரியவில்லை. வித்தியாசம் தெரிந்தது வேறு இடங்களில். எடுத்த வேலையை ஒழுங்காக முடிக்கும் பொறுப்பும் புதியதை முயன்று பார்க்கும் மனமும் தொழில் செய்பவர்களிடம் கூடுதலாக இருந்தன. பதற்றம் குறைவாக இருந்தது. இன்னொன்றும் குறைவாக இருந்தது: எல்லாருக்கும் இணங்கிப்போகும் குணம்.

உங்கள் மகளைப் பற்றி எனக்குக் கவலை இருந்தால் அது இந்தக் கடைசி விஷயத்தில்தான். அவள் பேசாமல் இருப்பது எனக்குக் கவலையே இல்லை.

போன வருடம் அரசாங்கம் கொடுத்த சீருடைத் துணியில் பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பதினான்கு சீருடை தைத்ததாகச் சொன்னாள். எத்தனை பேர் காசு கொடுத்தார்கள் என்று கேட்டேன். ஐந்து பேர். மற்ற ஒன்பது பேர்? "அத்தை, மாமி, பக்கத்து வீட்டு அக்கா… எப்படி மிஸ் கேக்குறது?" லயத்தில் எல்லாருமே ஏதோ ஒரு முறைக்குச் சொந்தம். இழவு விழுந்தாலும் கலியாணம் நடந்தாலும் அவர்கள்தான் வந்து நிற்பார்கள். அவர்களிடம் கூலி கேட்பது பாவம் மாதிரி அவளுக்குத் தோன்றுகிறது. இந்த மனம் நல்ல மனம், மாற வேண்டாம். ஆனால் நூலுக்கும் பொத்தானுக்கும் அவள் கைக்காசு போயிருக்கிறது. ஒன்பது சீருடைக்கு அவள் கண் விழித்த இரவுகளும் போயிருக்கின்றன. கடை தொடங்கி ஆறு மாதத்தில் மூடிய பல பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களில் வேலை தெரியாதவர்கள் குறைவு. விலை சொல்ல நா எழாதவர்களே அதிகம்.

அதற்கு ஒரு வழி சொன்னேன், நினைவிருக்கிறதா? விலையை வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் மட்டையில் எழுதி மெஷினுக்கு மேலே தொங்கவிடச் சொன்னேன். சொந்தக்காரருக்கு நூல், பொத்தான் காசு மட்டும் என்று அதிலேயே எழுதலாம். எழுதி வைத்துவிட்டால் அது எல்லாருக்கும் ஒரே சட்டம், யார் முகமும் சுருங்காது.

இப்போது தன்னம்பிக்கை விஷயத்துக்கு வருகிறேன். "இவளுக்கு தன்னம்பிக்கையே இல்ல மிஸ்" என்று நீங்கள் மூன்று தரம் சொன்னீர்கள். நான் பார்த்தது வேறு. வீட்டைப் பற்றிக் கேட்டபோது அவள் தரையைப் பார்த்தாள். எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டபோதும் தரையைத்தான் பார்த்தாள். சட்டைக் கொலரை ஏன் சிலர் தைத்தால் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று கேட்டேன். நிமிர்ந்தாள். ஐந்து நிமிடம் நிறுத்தாமல் பேசினாள். துணியை எந்தப் பக்கமாக வெட்ட வேண்டும் என்று என் மேசையில் இருந்த கடதாசியை எடுத்து மடித்தும் காட்டினாள்.

அல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இல் எழுதிய கட்டுரை ஒன்று என் வேலையில் எனக்கு மிகவும் உதவியது. கனடாவில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்தவர், 2021இல் காலமானார். நம்மால் முடியும் என்ற எண்ணம் ஆளுக்கு ஆள் ஒரே அளவில் இருக்கும் பொதுக் குணம் இல்லை, வேலைக்கு வேலை மாறும் என்றார் அவர். தையல் மெஷினுக்கு முன்னால் திடமாக இருக்கும் பிள்ளை மைக்குக்கு முன்னால் நடுங்கலாம். அவளிடம் இருப்பதை இல்லை என்று நாம் திரும்பத் திரும்பச் சொன்னால் இருப்பதும் கரைந்துபோகும், அக்கா.

அந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கும் அவர் நான்கு ஊற்றுகளைச் சொன்னார். எல்லாவற்றிலும் பலமானது, தானே ஒரு காரியத்தைச் செய்து முடித்த அனுபவம். அடுத்தது, தன்னைப் போன்ற ஒருவர் செய்து முடித்ததைக் கண்ணால் பார்ப்பது. நாம் நம்பும் ஒருவர் சொல்லும் வார்த்தை அதற்குப் பிறகுதான். கடைசியாக, உடம்பு. கை நடுங்குவதையும் நெஞ்சு படபடப்பதையும் நாம் என்னவென்று எடுத்துக்கொள்கிறோம் என்பது.

அந்தக் கடைசி ஊற்றை நான் என் வாழ்க்கையில் பட்டுத்தான் படித்தேன். கொழும்பில் எனது முதல் நேர்முகப் பரீட்சை. எதிரில் மூன்று பேர். "எந்தத் தோட்டம்?" என்று ஒருவர் கேட்டார். சொன்னேன். அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகு என் கை நடுங்க ஆரம்பித்தது, தெரிந்த பதிலும் வாயில் வரவில்லை. இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை என்று உடம்பே சொல்கிறது என நினைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். மறுபடி விண்ணப்பம் போட இரண்டு வருடம் ஆனது. அவமானப்பட்ட யாருக்கும் கை நடுங்கும், அது திறமைக்கு அளவுகோல் இல்லை என்று அன்றைக்கு யாராவது ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தால் அந்த இரண்டு வருடம் வீணாகியிருக்காது. உங்கள் மகளுக்கு நான் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.

"நமக்கெல்லாம் இது ஏலுமா மிஸ்" என்றும் நீங்கள் சொன்னீர்கள். அந்த வார்த்தை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். காலையில் தோட்டத்தில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நின்றால் எந்த மலைக்குப் போக வேண்டும், எத்தனை கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர் என்ற முழுநாள் சம்பளம், எப்போது அரைப்பேர் என்பதெல்லாம் வேறு யாரோ முடிவு செய்வது. மலையகத் தமிழரான நம் பாட்டன்மாருக்கு 1948இல் இலங்கைக் குடியுரிமை போனதும் யாரோ எடுத்த முடிவு. மிச்சமிருந்தவர்களுக்கும் அதைத் திருப்பிக் கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. தன் வாழ்க்கையின் கடிவாளம் தன் கையில் இருக்கிறது என்று நினைப்பவர்கள், வெளியே யாரிடமோ இருக்கிறது என்று நினைப்பவர்கள் என்று ஜூலியன் ரொட்டர் என்பவர் 1966இல் மனிதர்களைப் பிரித்துப் பார்த்தார். ஐந்தாறு தலைமுறையாகக் கடிவாளம் உண்மையிலேயே வெளியே இருந்த சனத்துக்கு அப்படித் தோன்றுவது கோழைத்தனமா? கண்டதைக் கண்டபடி கற்றுக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

அதனால் "நம்பினால் எல்லாம் நடக்கும்" என்று மேடையில் பேசுபவர்களோடு என்னால் சேர முடியாது. நாம் குடியிருக்கும் லயத்துக் காம்பராவுக்கு உறுதிப் பத்திரம் இல்லை. வங்கியில் பிணை வைக்கக் காணி இல்லை. வியாபாரப் பெயர் பதியப் போனால், நடத்தும் இடம் யாருடையது என்ற கேள்வி வரும். மகளின் நம்பிக்கை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்தச் சுவர்கள் தானாக விழாது. இதற்கெல்லாம் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலுள்ள சிறுதொழில் உத்தியோகத்தரிடமும் நடக்க வேண்டியிருக்கும், சில நேரம் நாலைந்து தடவை. நானும் கூட வருகிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பேச்சோடு பேச்சாக, சீட்டுப் பிடிப்பதாகச் சொன்னீர்களே? பன்னிரண்டு பேர், மாதம் ஆளுக்கு இரண்டாயிரம். இருபத்துநாலாயிரம் ரூபாய் உங்கள் கையால் ஒவ்வொரு மாதமும் சரியான ஆளுக்குப் போய்ச் சேருகிறது. ஒருத்தி கட்டாவிட்டால் நீங்கள் போட்டுச் சரிசெய்து, பிறகு அவளிடம் சண்டையில்லாமல் வாங்கிக்கொள்கிறீர்கள். எட்டு வருடமாக ஒரு சீட்டும் உடையவில்லை. இது நிர்வாகம், அக்கா. பண்டூரா சொன்ன இரண்டாவது ஊற்று உங்கள் வீட்டு அடுப்படியிலேயே இருக்கிறது. மகள் உங்களைப் பார்த்து வளர்ந்தவள். அவள் கொப்பியில் அளவும் திகதியும் கோடு போட்டு எழுதியிருந்ததைப் பார்த்தபோதே எனக்கு விளங்கியது.

மேற்கு ஆபிரிக்காவில் டோகோ என்ற நாட்டில் நடந்த ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். லோமே நகரத்தில் சிறுசிறு தொழில் செய்யும் 1500 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்குக் கணக்கு, சந்தைப்படுத்தல் என்று வழக்கமான வியாபாரப் பாடம். இன்னொரு கூட்டத்துக்கு, யாரும் சொல்லும்வரை காத்திருக்காமல் தானே தொடங்குவது, முன்கூட்டி யோசிப்பது, தடை வந்தால் வேறு வழி தேடுவது என்ற பழக்கங்களில் பயிற்சி. மூன்றாவது கூட்டத்துக்கு ஒன்றும் இல்லை. 2017இல் முடிவு வெளியானது. பழக்கத்தில் பயிற்சி பெற்றவர்களின் இலாபம், ஒன்றும் பெறாதவர்களைவிட 30 சதவீதம் கூடியிருந்தது. வழக்கமான பாடம் படித்தவர்களுக்கு அப்படி உறுதியாகச் சொல்லும்படி எதுவும் கூடவில்லை. வளர்ந்து, வியாபாரத்தில் இறங்கிவிட்ட மனிதர்களுக்கே இது பழகியிருக்கிறது. பிறவிக் குணம் என்று நாம் கைவிடுவதில் எவ்வளவோ பழக்கம்தான் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்கவில்லை.

கொழும்புக் கடைக்கு வருகிறேன். சம்பள வேலையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை, நானே சம்பளத்தில் இருப்பவள். ஆனால் வாய் திறக்காத பிள்ளைக்கு அங்கே பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். கொழும்பில் புறக்கோட்டைக் கடைகளுக்குப் போன நம் பிள்ளைகளைப் பற்றி முதலாளிமார் என்னிடம் சொல்லும் குறை எப்போதும் ஒன்றுதான்: "நல்ல பொடியன், களவு பொய் இல்ல. ஆனா விளங்கலேன்னா கேக்க மாட்டான். சரி சேர்னு சொல்லிட்டுப் போயி பிழையா செஞ்சிருவான்." கேட்டால் திட்டுவார்கள் என்று பயம். பிழை நடந்தால் மறைக்கப் பயம். வருடங்கள் போனாலும் அதே மூட்டை, அதே இடம். எந்த வேலையானாலும் பொறுப்புணர்ச்சி உள்ளவர்கள் நன்றாகச் செய்கிறார்கள் என்று 1991இலேயே ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு காட்டியது. உங்கள் மகளுக்கு அது நிறைய இருக்கிறது. ஆனால் கேள்வி கேட்கும் பழக்கம் இல்லாமல் அந்தப் பொறுப்பு யார் கண்ணுக்கும் படாது.

ஆகவே என் அபிப்பிராயம் இது. தெரியாத கடைக்கு இப்போது அனுப்ப வேண்டாம். ஹட்டனிலோ தலவாக்கலையிலோ ஒரு தையல் கடையில் ஒரு வருடம் வேலைக்கு நிற்கட்டும். வெட்டுவதைக் கற்றுக்கொள்வதைவிட, அந்தக் கடைக்காரர் வாடிக்கையாளரிடம் எப்படி விலை சொல்கிறார் என்பதை அவள் பார்க்க வேண்டும். கூடவே தையலில் என்.வீ.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழுக்கு முயலட்டும். வகுப்பில் உட்காராமல் வேலை செய்தே கற்றவர்களுக்கும் திறமையைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் வழி இருக்கிறது. அரசாங்கத்தின் தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டாவின் அலுவலகத்தில் விசாரிக்கலாம். புதிய பாடசாலை ஆண்டு தொடங்குமுன் லயத்தில் சீருடை எடுத்துத் தைக்கட்டும், இந்த முறை மட்டையில் எழுதிய விலைக்கு. பத்துச் சீருடை போதும். குறித்த நாளில் கொடுத்து, காசு வாங்கி, கணக்கு எழுத வேண்டும். அடுத்த தவணைக்கு இருபது.

மெஷின் வாங்க நுண்கடன் எடுக்காதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். நம்பிக்கை பொங்கும் நேரத்தில்தான் மனிதர்கள் கணக்குப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார்கள். வாராவாரம் வாசலில் வந்து நிற்கும் கடனுக்குப் பயந்து தோடும் மூக்குத்தியும் அடகு போன வீடுகளை நாம் இரண்டு பேருமே பார்த்திருக்கிறோம். பக்கத்து வீட்டு மெஷினுக்கு வாடகை கொடுங்கள். உங்கள் சீட்டில் அவளை ஒரு ஆளாகச் சேருங்கள், அவள் சம்பாதித்த காசில் அவளே கட்டட்டும். எட்டாவது மாதமோ பத்தாவது மாதமோ சீட்டு விழும்போது சொந்த மெஷின் வரும்.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் தயங்கினேன். அன்றைக்கு நான் அவளிடம் கேட்ட கேள்விகளில் பாதிக்கு நீங்கள் பதில் சொன்னீர்கள். பாசத்தால்தான். பிள்ளை திணறுவதைப் பார்க்கத் தாய்க்குப் பொறுக்காது. ஆனால் அவள் வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நீங்கள் முந்திக்கொண்டீர்கள், அவள் மறுபடி மூடிக்கொண்டாள். திணறட்டும், அக்கா. பதில் வரும், கொஞ்சம் நேரம் எடுக்கும்.

தீபாவளி முடிந்து இரண்டாவது சனிக்கிழமை மறுபடி வாருங்கள். அந்தக் கொப்பியைக் கட்டாயம் எடுத்து வரச் சொல்லுங்கள். முதலில் அவள் மட்டும் உள்ளே வரட்டும். நீங்கள் வெளியே ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு அரை மணித்தியாலம் கழித்து வந்தால் போதும்.

அன்புடன்,
மிஸ்