சொத்து இல்லாத குடும்பத்துப் பெண் பி.எஸ்சி. நர்சிங் படிக்க வங்கிக் கடன் கிடைக்குமா?

கிடைக்கும். வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணையம் தேவையில்லை. அப்பாவோ அம்மாவோ இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டும். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பியுங்கள்.

பணம் கட்டுமுன் கல்லூரிக்கு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் உண்டா என்று பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் மனு அங்கேயே நின்றுவிடும். கல்லூரி தரும் கட்டணச் சான்றில் விடுதி, சீருடை, புத்தகச் செலவும் வருடவாரியாக இருக்கட்டும். விட்டுப்போனால் பிறகு கடன்தொகையைக் கூட்டுவது பெரும்பாடு.

குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால் வட்டி மானியமும் கேளுங்கள்: தகுதி இருந்தால் படிப்புக் காலத்துக்கும் அடுத்த ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசு ஏற்கும். வருமானச் சான்றை வங்கிக் கிளையில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கிளை மானியத்தைக் கோராமல் விட்டால், அந்த வட்டி உங்கள் தலையில்தான் விழும்.