இரண்டு ஏக்கர் மிளகாய்க்குச் சொட்டுநீர்: பணத்தை முதலில் கருவியில் போடுவதா, ஆளில் போடுவதா?

கேட்டவர் எழுதியிருப்பதன் சுருக்கம்: மலேசியாவில் பேராக், சுங்கை சிப்புட் பக்கம் இரண்டு ஏக்கர் வாடகை நிலம். பையில் குலாய் ரக மிளகாய் போடும் எண்ணம். கையில் இருக்கும் பணத்துக்கு டைமர், பம்ப், சொட்டுக் குழாய் எல்லாம் சேர்த்து ஒரு செட் வாங்கலாம். ஆனால் வேலைக்கு வரப்போகும் இரண்டு பேருக்கும் இதில் பழக்கம் இல்லை. கருவி முதலிலா, ஆளுக்குப் பயிற்சி முதலிலா?

நானும் அந்த வட்டாரம்தான். பதினோரு வருஷம் செம்பனை (எண்ணெய்ப்பனை) நர்சரியில் வெளிக்காட்டுக் கிராணி, அதாவது கணக்கெழுதும் வேலை பார்த்தேன், இப்போது ஏழு வருஷமாகச் சொந்தமாக மிளகாய் போடுகிறேன். என் பதில்: ஆள்தான் முதலில். ஆனால் பயிற்சி என்றதும் மண்டபத்தில் நாற்காலி போட்டுப் படம் காட்டிச் சான்றிதழ் கொடுப்பதை நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் சொல்வது வேறு. கொஞ்சம் பழைய கதையிலிருந்து வருகிறேன்.

என் பெரியம்மா தோட்டத்து நர்சரியில் ஓஸ் பிடித்துத் தண்ணீர் ஊற்றியவர். சின்னப் பைக் கன்றுகளைப் போகிற போக்கில் இரண்டு விரலால் தூக்கிப் பார்ப்பார். கனமாக இருந்தால் தாண்டிவிடுவார், லேசாக இருந்தால் ஊற்றுவார். தூக்க முடியாத பெரிய பையில் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பார். ஒரு பாத்தியில் பாதிக்குத்தான் அன்றைக்குத் தண்ணீர் போகும். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. அவரும் அவர் வயதுப் பெண்களும் வேலையை விட்டு, தோட்டத்து வரிசை வீடான லயத்தைக் காலி செய்துகொண்டு தாமான் என்ற வீடமைப்புப் பகுதிக்குக் குடிபோனபோது அந்த விரல் கணக்கும் கூடவே போய்விட்டது. யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க அதில் ஒன்றும் இல்லை என்றே எல்லாரும் நினைத்தோம், நான் உட்பட.

அப்புறம் நர்சரிக்குத் துளைக் குழாய் வந்தது. தட்டையாகச் சுருட்டி வரும், தண்ணீர் விட்டால் உப்பி, நுண்துளை வழியாக மழை மாதிரித் தூவும். விரித்துப் போடும்போது துளை உள்ள பக்கம் மேலே இருக்கவேண்டும். இது ஒன்றுதான் அதில் வித்தை. ஒரு பிப்ரவரியில் புதிதாக வந்த கான்ட்ராக்ட் ஆட்கள் ஒரு பாத்தி முழுக்கத் துளையைக் கீழே வைத்துப் போட்டுவிட்டார்கள். பம்ப் ஓடுகிறது, மீட்டர் ஓடுகிறது, ஆட்களை மேய்க்கும் மண்டோரின் நோட்டில் ‘தண்ணீர் விட்டாச்சு’ என்று எழுதியாகிறது. தண்ணீரெல்லாம் குழாய்க்கு அடியிலேயே ஓடி வடிகாலில் விழுந்தது. நான்காம் நாள்தான் கன்றின் குருத்து வாடியதைக் கவனித்தோம். எத்தனை கன்று போனது என்று எழுதினால் எந்தத் தோட்டம் என்று ஊரில் தெரிந்துவிடும், விடுங்கள்.

சரியாகப் போட்டிருந்தாலும் அந்த முறையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. சின்னப் பையிலிருந்து பெரிய பைக்கு மாற்றி வளர்க்கும் பெரிய நர்சரியில் கன்றுகளை முக்கோணமாக 90 சென்டிமீட்டர் இடைவெளியில் வைப்பார்கள். ஒரு கன்றுக்கு விழும் இடம் ஏறக்குறைய 0.7 சதுர மீட்டர். 15க்கு 18 அங்குலப் பையில் மண் நிரப்பினால் வாய் விட்டம் சுமார் 24 சென்டிமீட்டர், அதாவது 0.045 சதுர மீட்டர். ஆக, மேலிருந்து 100 லிட்டர் தூவினால் நேராகப் பை வாய்க்குள் விழுவது ஆறேழு லிட்டர். ஓலை விரிந்த பிறகு அது கொஞ்சம் ஏந்திக் கொடுக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் மிச்சத் தண்ணீர் நடைபாதைப் புல்லுக்குத்தான் போகிறது. இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்ததே வேலைக்குச் சேர்ந்து ஆறாம் வருஷம். பெரியம்மா ஓஸை நேராகப் பைக்குள் பிடித்தபோது இந்த விரயம் இல்லை.

ஆனால் என்னை உண்மையில் உலுக்கியது அந்தக் குழாய் இல்லை, ஒரு மழைநாள். சாயங்காலம் நல்ல மழை கொட்டிக்கொண்டிருக்கிறது. வங்காளதேசத்துத் தம்பி ஒருவர் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு நர்சரி வால்வு பக்கத்தில் நிற்கிறார். குழாய் தூவுகிறது, வானமும் தூவுகிறது. ஏன் அடைக்கவில்லை என்று கேட்டேன். காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டில் மண்டோர் ‘ரெண்டு மணி நேரம்’ என்று சொன்னாராம், இன்னும் இருபது நிமிஷம் பாக்கியாம். நர்சரியில் 10 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம் என்பது வழக்கமான கணக்கு. அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அடைத்திருக்க மாட்டார். அடைத்த பிறகு மண்டோர் வந்து ‘யார் அடைக்கச் சொன்னது’ என்று கேட்டால் சம்பளத்தில்தான் விழும். முட்டாள்தனம் அவருடையது இல்லை. மழையில் தண்ணீர் விடுவது வீண் என்று அவருக்கே தெரியும், வால்வை அடைக்க உரிமைதான் இல்லை. விவசாயத் தொழிலாளர் திறன் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சரி, மிளகாய்க்கு வருவோம். என் முதல் போகத்தில் நானும் உங்களைப் போலக் கருவியில்தான் பணத்தைக் கொட்டினேன். மணிக்கு 2 லிட்டர் சொட்டும் குழாய், ஒரு தடவைக்கு மூன்று நிமிஷம், ஆக ஒரு செடிக்கு 100 மில்லிலிட்டர் என்று டைமரில் வைத்தேன். இரண்டு மாதத்தில் சில வரிசைகளின் கடைசிச் செடிகள் மத்தியானத்தில் தலை தொங்கப் போட்டன. தண்ணீர் பத்தவில்லை என்று மூன்றை ஆறு நிமிஷமாக ஏற்றினேன். கடைசிச் செடிகள் கொஞ்சம் தேறின, வரிசையின் முன்பக்கச் செடிகள் வேர் அழுகிச் சாய்ந்தன. மருந்துக்கடைக்கு நடையாய் நடந்தேன். நோய் செடியில் இல்லை என்று எனக்குப் புரிய இன்னும் மூன்று வாரம் ஆனது.

புரிய வைத்தது மினரல் தண்ணீர்ப் போத்தல்கள்தான். இருபது போத்தலின் கழுத்தை வெட்டி, தோட்டம் முழுக்க முன்னும் பின்னும் நடுவுமாக இருபது சொட்டுக்கு அடியில் வைத்தோம். சரியாக மூன்று நிமிஷம். எல்லாவற்றையும் அளவுக் கோப்பையில் ஊற்றி எழுதினோம். சராசரி 78 மில்லிலிட்டர். மிகக் குறைவாக வந்த ஐந்து போத்தலின் சராசரி 36. இதைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்கினால் 46 வருகிறது. இதற்குச் சீர்மை அளவு என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். 90க்கு மேல் இருந்தால் நல்ல பாசனம், 70க்குக் கீழே போனால் எங்கேயோ கோளாறு. என்னுடையது 46! ஆறு நிமிஷம் விட்டபோது வறண்ட செடிக்கு 70 சொச்சம், நல்ல சொட்டு உள்ள செடிக்கு 200. நான் மிச்சம் பிடிக்க வாங்கிய கருவியே பாதித் தண்ணீரையும், அதில் கரைந்த ஏபி உரத்தையும் (ஏ, பி என்று இரண்டு பாகமாக வரும் உரம்) சேர்த்து மண்ணுக்கு வார்த்துக்கொண்டிருந்தது.

காரணம் இரும்பு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் எடுக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். காற்றுப் பட்டதும் மஞ்சளாகி, குழாய்க்குள் ஆரஞ்சு நிறத்தில் வழவழவென்று பாசி மாதிரிப் படியும். இரும்பைத் தின்னும் பாக்டீரியா கட்டும் கூடு அது. சொட்டுத் துளைக்கு அதைவிட எதிரி கிடையாது. தண்ணீரை உயரத்திலிருந்து தொட்டியில் விழவைத்து, ஒரு ராத்திரி தெளியவிட்டு, அடியில் இழுக்காமல் நடுவில் இழுத்து, 120 மெஷ் வடிகட்டி வழியாக விட்டதும் நிலைமை மாறியது. வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குழாயின் கடைசி மூடியையும் திறந்து கலங்கல் போகும்வரை ஓடவிடுகிறோம். அடுத்த போகத்தில் மறுபடி இருபது போத்தல்: சராசரி 97, கடைசி ஐந்து 91. கணக்குப் போட்டால் 94.

இதில் புதுக் கருவி என்று பார்த்தால் ஒரு வடிகட்டியும் ஒரு தொட்டியும்தான். மற்றது எல்லாம் காலையில் வரிசையில் நடக்கும் ஆள். என்னிடம் இருப்பவர் இந்தோனேசியாக்காரர். போத்தல் வைத்த நாளில் ஒரு சொட்டுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, “ஆயேர் தா குலுவார், போஸ்” என்றார், தண்ணீர் வரவில்லை என்று. எத்தனை நாளாக என்று கேட்டேன். ஒரு மாதமாகவாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்து, அந்த மழைக்கோட்டுத் தம்பி ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன்.

அதனால் நான் இப்போது ஆட்களுக்குக் கற்றுக்கொடுப்பது அதிகம் இல்லை. போத்தல் கணக்கு மாதத்துக்கு ஒருமுறை, எழுதுவது அவர் கை. பையைச் சாய்த்துக் கனம் பார்ப்பது தினமும் (பெரியம்மா முறை, மிளகாய்ப் பையில் மண்ணுக்குப் பதிலாக நிரப்பும் தேங்காய்நார்த் தூளுக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும்). நான்கு பைக்கு அடியில் தட்டு வைத்து வடியும் தண்ணீரைப் பிடிப்பது. விட்டதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வடிந்தால் நிமிஷத்தைக் குறைக்கவேண்டும். வடிந்ததில், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் இசி மீட்டரை வைத்தால், நாம் விடும் உரத்தண்ணீரைவிட மிக அதிகமாகக் காட்டுகிறதா என்று பார்க்கவேண்டும். காட்டினால் பையில் உப்பு சேர்கிறது என்று அர்த்தம், அப்போது குறைக்கக்கூடாது, கொஞ்சம் கூடவே விட்டுக் கழுவவேண்டும். இந்த இரண்டாவதுதான் புரியக் கொஞ்சம் நாளாகும். எனக்கே ஆனது.

மழையும் அப்படித்தான். செம்பனைக் கன்று மாதிரி மிளகாய்க்கு ‘மழை வந்தால் மூடு’ என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. திறந்த வெளியில் பெருமழை பையில் இருக்கும் உரத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். மழை விட்டதும் குறுகிய நேரம் உரத்தண்ணீர் கொடுக்கவேண்டும். இதை டைமர் முடிவு செய்யாது. அதனால்தான் வால்வு அவர் பொறுப்பு. தன் கணக்குப்படி அடைத்து அது தப்பாகப் போனாலும் சம்பளத்தில் கை வைக்கமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். ஒருமுறை தப்பாகவும் போனது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன், கஷ்டமாகத்தான் இருந்தது.

வகுப்புக்கே போகவேண்டாம் என்று சொல்லவில்லை. விவசாய ஆராய்ச்சிக் கழகமான மார்டியும் விவசாயத் துறையும் உரப்பாசன வகுப்பு நடத்துகின்றன, உரம் கலக்கவும் பிஎச் பார்க்கவும் நீங்கள் ஒருமுறை போய்வாருங்கள். உங்களிடம் வேலைக்கு வரும் இரண்டு பேரில் யாராவது உள்ளூர்க்காரர், பல வருஷம் நர்சரி வேலை பார்த்தவர் என்றால் இன்னொன்றும் சொல்கிறேன். 2006-ல் வந்த தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டப்படி, வகுப்பில் உட்காராமலே, செய்த வேலைக்கான ஆதாரங்களைத் திரட்டிக் காட்டி எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழ் வாங்கும் வழி இருக்கிறது. பிபிடி என்பார்கள். தோட்டத்தில் முப்பது வருஷம் உழைத்து ஒரு காகிதமும் இல்லாமல் வெளியே வந்த நம் ஆட்கள் பல பேருக்கு இது தெரிவதே இல்லை. என் பெரியம்மாவுக்கு அது கிடைத்திருந்தால் அவர் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கமாட்டார், டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்திருப்பார்.

கடைசியாக, உங்கள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. கிணறு என்றால் ஒரு வெள்ளை வாளியில் பிடித்து ராத்திரி முழுக்கத் திறந்து வையுங்கள். காலையில் அடியில் மஞ்சளாகப் படிந்திருந்தால் செட்டுக்கு முன்பணம் கட்டாதீர்கள். அந்தப் பணத்தில் முதலில் தொட்டி வாங்குங்கள். வாளியைப் பார்க்கும்போது அந்த இரண்டு பேரையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.