மருமகன் செய்யட்டுமா, கம்பெனிக்குக் கொடுக்கட்டுமா?

கேள்வி: செந்தூலில் வீட்டிலிருந்தே விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறேன். எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவு இருக்கிறது. ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். அகப்பக்கம் ஒன்று செய்ய ஒரு கம்பெனியில் விசாரித்தேன். 4,500 வெள்ளி (ரிங்கிட்) சொன்னார்கள். கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகன், “எதுக்கு அத்தை, நானே விக்ஸ்ல செஞ்சு தரேன்” என்கிறான். அது நாமே அகப்பக்கம் கட்டிக்கொள்ள உதவும் இணையச் சேவையாம். என்ன செய்யலாம்?

பதில்: மருமகனே செய்யட்டும். ஆனால் அவன் கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு வேலையை நீங்களே முடித்துவிடுங்கள். பெயரைப் பதிவு செய்யுங்கள்.

கடை போடும்போது பெயர்ப்பலகை ஒரு செலவு, வாடகை ஒரு செலவு, உள்ளே ரினோவேஷன் ஒரு செலவு. அகப்பக்கத்திலும் இதே மூன்றுதான்: டொமைன் என்கிற பெயர், ஹோஸ்டிங் என்கிற இடம், பக்கங்களைக் கட்டும் வேலை. ரினோவேஷனை யாரும் செய்யலாம். பெயர் மட்டும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

பினாங்கில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் வந்தார். பில் புத்தகம், பை என்று எல்லாவற்றிலும் அகப்பக்க முகவரியை அச்சடித்திருந்தார். செய்து கொடுத்தவரோ டொமைனைத் தன் மின்னஞ்சலில் பதிந்துவிட்டு, பிறகு அந்தத் தொழிலையே விட்டுப் போய்விட்டார். ஆண்டுக் கட்டணத்தைக் கட்டச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் யாரும் திறக்காத அந்த மின்னஞ்சலுக்கே போயின. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது பக்கம் காணாமல் போனது. கடைக்காரர் கையில் பணம் கட்டிய ரசீது இருந்தது, பெயர் இல்லை. நான் போனபோது கடைப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, பை பையாக அந்த முகவரியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

நம் நாட்டில் ‘டாட் மை’ என்று முடியும் பெயர்களை நிர்வகிப்பது மைனிக் என்ற அமைப்பு. ‘டாட் காம் டாட் மை’ பதிவு பெற்ற வணிகங்களுக்குத்தான் கிடைக்கும். உங்களிடம் எஸ்எஸ்எம் பதிவு இருப்பதால் தடையில்லை. நீங்கள் தினமும் பார்க்கும் மின்னஞ்சலைக் கொடுத்துப் பதியுங்கள்.

இனி, ஏன் மருமகன் போதும் என்கிறேன்? உங்கள் தொழிலில் அகப்பக்கத்திலேயே யாரும் பணம் கட்டப் போவதில்லை. தேதி கேட்பார்கள், எத்தனை பேருக்கு என்பார்கள், பிறகு முன்பணம். அதற்கு வாட்ஸ்அப்தான் சரியான இடம். மெனு, தலைக்கு என்ன விலை, எந்தெந்தப் பகுதிக்குக் கொண்டு வருவீர்கள், படங்கள், வாட்ஸ்அப் பொத்தான். இவ்வளவுதான் வேண்டும். அந்தப் பொத்தானில் உங்கள் எண்ணை 60 என்று தொடங்கிப் போடச் சொல்லுங்கள். நாட்டுக் குறியீடு இல்லாமல் வெறும் 012 என்று போட்டால் வேலை செய்யாது. இன்னொன்று, கோழி விலை ஏறினால் அன்றே மெனுவில் விலையை மாற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் கம்பெனிக்குப் போன் போட்டுக் காத்திருப்பது உங்களுக்குக் கட்டாது. மாற்றுவது எப்படி என்று மருமகனிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

விக்ஸில் ஒரு குறை உண்டு. இலவசத் திட்டத்தில் அவர்கள் விளம்பரம் வரும், சொந்த டொமைனை இணைக்க முடியாது. கட்டணத் திட்டத்துக்கு மாறினாலும், அங்கே கட்டிய பக்கத்தை அப்படியே எடுத்து வேறு ஹோஸ்டிங்கில் வைக்க வழியில்லை. வேர்ட்பிரஸ் என்ற, அகப்பக்கம் கட்டும் இன்னொரு மென்பொருளில் அந்தச் சிக்கல் இல்லை. கற்றுக்கொள்ளத்தான் கொஞ்ச நாளாகும். ஐந்தாறு பக்கத்துக்கு விக்ஸே போதும், வேறு இடம் போனால் திரும்பக் கட்டுவது பெரிய வேலையில்லை.

தமிழில் மெனு போடுவீர்கள் அல்லவா? அச்சகத்தில் பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்ததை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறித் தெரியும். எல்லாக் கருவிகளிலும் சரியாகத் தெரியும் யூனிகோட் முறையில் புதிதாகத் தட்டுங்கள். நம் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் செயலி இருக்கிறது, கைப்பேசியிலேயே தட்டலாம். மெனுவைப் படமாகவும் போட வேண்டாம். எழுத்தாக இருந்தால்தான் கூகுளில் எளிதாக அகப்படும்.

மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை நல்ல படம் எடுப்பவருக்குக் கொடுங்கள். வாழை இலையில் பரிமாறிய சோற்றை மஞ்சள் விளக்கில் எடுத்தால் எந்தச் சமையலும் ஆறிப்போனதாகத்தான் தெரியும். படங்களின் அளவைக் குறைத்து ஏற்றுங்கள். கைப்பேசியில் எடுத்ததை அப்படியே ஏற்றினால் பக்கம் திறக்க நேரமாகும்.

கம்பெனி தேவைப்படும் நாள் வரலாம். மசாலாப் பொடி, ஊறுகாய் என்று ஆன்லைனில் விற்கத் தொடங்கி, எஃப்பிஎக்ஸ் (வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக இணையத்தில் பணம் கட்டும் முறை) வழியாகப் பணம் வாங்கி, இருப்புக் கணக்கும் தபால் செலவும் தானாகக் கணக்கிட வேண்டும் என்றால் அது மருமகன் பரீட்சைக்கு நடுவில் பார்க்கும் வேலையல்ல. அப்போது 4,500 அதிகமில்லை. ஆனால் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: நிர்வாகக் கடவுச்சொல் எனக்குக் கிடைக்குமா? இரண்டாம் ஆண்டிலிருந்து எவ்வளவு? விலையை நானே மாற்றலாமா? பேக்கப் (பாதுகாப்பு நகல்) யார் எடுப்பார்? முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுக்காதீர்கள்.

கூகுள் மேப்பில் உங்கள் வணிகத்தை இன்றே சேர்த்துவிடுங்கள், அது இலவசம். வீட்டு முகவரியைக் காட்ட விருப்பமில்லையென்றால் மறைத்துவிட்டு, கொண்டு வரும் பகுதிகளை மட்டும் குறிப்பிடலாம்.