பழைய 50 மி.மீ. லென்ஸில் க்ளோஸ்-அப் படங்கள்: மேக்ரோ லென்ஸ் வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: பழைய ஃபிலிம் கேமராவில் இருந்த எம்42 திருகு மவுன்ட் (42 மி.மீ. விட்டமுள்ள திருகு இணைப்பு) கொண்ட 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை, அடாப்டர் மூலம் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமராவில் பொருத்தியிருக்கிறேன். நாணயங்களையும் தபால்தலைகளையும் வீட்டிலேயே படமெடுக்க விரும்புகிறேன். 45 செ.மீ.க்குக் குறைவான தொலைவில் ஃபோகஸ் ஆவதில்லை. எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்கினால் மங்கலாகிவிடுகிறது. மேக்ரோ லென்ஸ் வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. உங்கள் லென்ஸிலும் குறை இருப்பதாகத் தெரியவில்லை. 45 செ.மீ. தொலைவிலுள்ள பொருளின் உருவத்தை 50 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகச் சுருக்கியே சென்சாரில் விழச் செய்கிறது. 24 மி.மீ. விட்டமுள்ள நாணயம் அங்கே மூன்றரை மி.மீ. புள்ளியாகிவிடுகிறது, அதை வெட்டிப் பெரிதாக்கினால் எந்த லென்ஸாக இருந்தாலும் நுணுக்கம் மிஞ்சாது.

லென்ஸைச் சென்சாரிலிருந்து இன்னும் சற்று விலக்கி வைப்பதே தீர்வு. அதற்கு எக்ஸ்டென்ஷன் ட்யூப் போதும். அது உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாத வெற்று வளையம், லென்ஸுக்கும் அடாப்டருக்கும் இடையில் திருகிக்கொள்ள வேண்டியதுதான். ட்யூபின் நீளத்தை லென்ஸின் குவியத் தொலைவால் (உங்களுடையதில் 50 மி.மீ.) வகுத்தால், ஃபோகஸ் வளையம் இன்ஃபினிட்டியில், அதாவது மிகத் தொலைவுக்கான நிலையில், இருக்கும்போது கிடைக்கும் உருப்பெருக்கம் தெரிந்துவிடும். எம்42 ட்யூப்கள் பெரும்பாலும் 7, 14, 28 மி.மீ. என மூன்றாகவே வருகின்றன. 28 மி.மீ. ட்யூபை மட்டும் போட்டு, ஃபோகஸ் வளையத்தை மிக அருகிலுள்ள நிலைக்குத் திருப்பினால், உங்கள் நாணயம் படத்தின் உயரத்தில் பத்தில் ஏழு பங்கை நிரப்பும். மூன்றையும் சேர்த்தால் பொருளின் உண்மை அளவே சென்சாரில் பதியும். தபால்தலைகளுக்கு 14 மி.மீ. ட்யூபிலிருந்து தொடங்குங்கள். லென்ஸைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்தும் ரிவர்ஸ் ரிங், உண்மை அளவைவிடப் பெரிதாகப் பதிய வேண்டிய பொருள்களுக்கே பயன்படும். ஒற்றைக் கண்ணாடி க்ளோஸ்-அப் ஃபில்ட்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். படத்தின் ஓரங்களில் நிறக்கோடுகள் படியும்.

ட்யூப் வாங்கியவுடன் ஒன்றைச் சரிபாருங்கள். எம்42 லென்ஸ்கள் பலவற்றில், பின்புறமுள்ள சிறிய ஊசியை அழுத்தினால்தான் அபர்ச்சர் இதழ்கள் (ஒளி நுழையும் துளையைக் குறுக்கும் தகடுகள்; எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்) மூடும். எளிய ட்யூப்கள் அந்த ஊசியை அழுத்துவதில்லை. லென்ஸின் பக்கவாட்டில் ஆட்டோ, மேனுவல் என்ற ஸ்விட்ச் இருந்தால் மேனுவலில் வையுங்கள். பிறகு லென்ஸின் முன்புறம் பார்த்தபடி வளையத்தை எஃப்/8-க்குத் திருப்பி, இதழ்கள் உண்மையிலேயே குறுகுகின்றனவா என்று கண்ணால் பாருங்கள். வளையம் எஃப்/8-ஐக் காட்ட, இதழ்கள் எஃப்/1.8-இலேயே திறந்து கிடந்தால், வரும் மங்கலுக்கு லென்ஸைக் குறைசொல்ல முடியாது. ஸ்விட்ச் இல்லாத லென்ஸுக்கு, ஊசியை அழுத்தும் வகை ட்யூபையும் அடாப்டரையும் கேட்டு வாங்க வேண்டும். பழைய லென்ஸைக் கேமரா அடையாளம் காணாது என்பதால், மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதிக்கும் அமைப்பையும் இயக்கிவிடுங்கள்.

எஃப்/8-இல் உண்மை அளவில் படமெடுக்கும்போது தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 1 மி.மீ. மட்டுமே, பாதி அளவில் அது 3 மி.மீ. ஆகும். ஆழம் கூடட்டும் என்று எஃப்/16, எஃப்/22 எனக் குறுக்கிக்கொண்டே போகாதீர்கள். உண்மை அளவில் எஃப்/11 என்பது எஃப்/22 போலவே நடந்துகொள்ளும், சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைவதால் (டிஃப்ராக்ஷன்) படம் முழுவதும் மென்மையாகிவிடும். எஃப்/8-இல் நிறுத்திக்கொண்டு, நாணயத்தின் தளத்தைச் சென்சாருக்கு இணையாக்குவதில் கவனம் செலுத்துங்கள். அதற்கு ஓர் எளிய வழி உண்டு: நாணயம் வைக்கும் இடத்தில் முகம் பார்க்கும் சிறிய கண்ணாடி ஒன்றைப் படுக்க வைத்து, கேமராத் திரையில் பாருங்கள். லென்ஸின் பிரதிபலிப்பு படத்தின் நட்ட நடுவில் வந்துவிட்டால் இரண்டு தளங்களும் இணையாகிவிட்டன. பிறகு அளவை ஃபோகஸ் வளையத்தால் முடிவுசெய்துகொண்டு, நுண்மையான ஃபோகஸைக் கேமராவையோ பொருளையோ இம்மி இம்மியாக நகர்த்திப் பிடியுங்கள். திரையைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் இது கைகூடும்.

உண்மை அளவில் இரண்டு ஸ்டாப் ஒளி குறையும், அதாவது நான்கில் ஒரு பங்காகிவிடும். கால் விநாடி போதுமாயிருந்த இடத்தில் ஒரு விநாடி தேவைப்படும். வீட்டுக்குள் இது ஒரு சிக்கலே இல்லை, ஏனெனில் நாணயம் அசையப்போவதில்லை. டிரைபாடில் கேமராவை நிறுத்தி, ஐ.எஸ்.ஓ.வை (சென்சாரின் ஒளியுணர்திறனை) 100-இல் வைத்து, மின்விசிறியை அணைத்து, இரண்டு விநாடி டைமரைப் பயன்படுத்துங்கள். கேமராவின் உடலில் உள்ள அதிர்வுத் தடுப்பையும் அப்போது அணைத்துவிடலாம். கையில் பிடித்து ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தி எடுப்பவர்கள் இழக்கும் தெளிவு, நல்ல லென்ஸுக்கும் சுமாரான லென்ஸுக்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரிது என்பதே என் கருத்து.

நாணயத்தின் புடைப்புகள் எழுந்து தெரிய, ஜன்னல் ஒளி ஒரு பக்கத்திலிருந்து தாழ்வாக விழ வேண்டும்; எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை நிறுத்தினால் நிழல்கள் கருகாது. தபால்தலைக்கோ இரு பக்கங்களிலிருந்தும் சமமான ஒளி வேண்டும். ஜன்னல் ஒளியில் எடுக்கும்போது அறை விளக்கை அணைத்துவிடுங்கள். இல்லையேல் இரண்டு நிறங்கள் கலந்துவிடும். பழைய லென்ஸ்களில் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு இன்றைய பூச்சுக்கு ஈடாகாது. பொருளைச் சுற்றிலும் வெண்மையான பரப்பு இருந்தால் படம் வெளிறும். எனவே நாணயத்தைக் கறுப்புத் தாளின் மேல் வையுங்கள். மலிவான ட்யூப்களின் உட்சுவர் பளபளப்பதும் இதே வெளிறலைத் தரும். உள்ளே மங்கலான கறுப்புத் தாளைச் சுருட்டி ஒட்டினால் குணமாகும்.

இவ்வளவுக்குப் பிறகும் தபால்தலையின் மூலைகள் மட்டும் மென்மையாகவே இருந்தால், அப்போது 50 மி.மீ. என்லார்ஜர் லென்ஸ் ஒன்றைத் தேடுங்கள். இருட்டறையில் தட்டையான நெகட்டிவைத் தட்டையான தாளில் பதிப்பதற்கென்றே உருவானவை அவை. மூலை வரை கூர்மை தரும். பெரும்பாலானவற்றின் திருகு எம்39 என்பதால் எம்42-க்கு மாற்றும் வளையம் தேவைப்படும். ஃபோகஸ் வளையம் அவற்றில் இருக்காது, ஆனால் நீங்கள் வாங்கிய அதே ட்யூப்கள் அங்கும் பயன்படும்.