அப்பா எப்போது வெண்டர் ஆனார்?

கேள்வி: எனக்கு 29 வயது. சொந்த ஊர் கோவை, கணபதி பக்கம். சென்னையில் பெயர்பெற்ற ஒரு கல்வி நிறுவனத்தில் ரோபாட்டிக்ஸில் பிஎச்.டி. செய்கிறேன். ஐந்தாம் வருடம் தொடங்கிவிட்டது. ரோபோ கை ஒன்று சிறு பாகங்களை எடுத்துத் துளையில் சரியாகப் பொருத்தவேண்டும், அதுதான் என் ஆராய்ச்சி. சிமுலேஷனில் அச்சுப் பிசகாமல் வருகிறது. லேபில் நிஜக் கை 3 மில்லிமீட்டர் தள்ளிப் போகிறது, அதுவும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு பக்கம். எட்டு மாதமாக இதோடு மல்லுக்கட்டுகிறேன். கைடு என் டிராஃப்டை இரண்டு மாதமாகத் தொடவில்லை. கூடப் படித்தவர்கள் வீடு வாங்கிவிட்டார்கள். பெங்களூரு கம்பெனி ஒன்று வருடம் 20 லட்சத்துக்குக் கூப்பிடுகிறது. பெண் பார்க்க ஆரம்பித்தால், 'மாப்பிள்ளை இன்னும் படிக்கிறாரா?' என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்பா சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார், எட்டாவது வரை படித்தவர். இதெல்லாம் அவருக்குப் புரியாது. 'எப்ப கண்ணு முடியும்?' என்று மட்டும் கேட்பார். போன வருடம் கையின் முழங்கை மூட்டு உடைந்தபோது அந்தப் பாகத்தை அவர்தான் கடைந்து கொடுத்தார். கைடிடம் கோவை வெண்டர் ஒருவர் செய்தார் என்று சொல்லிச் சமாளித்தேன். மனம் விட்டுப் பேச ஆளில்லை. பிஎச்.டி.யை விட்டுவிடலாமா?

— பெயர் வேண்டாம், சென்னை

பதில்: தம்பி, பிஎச்.டி. மாணவர்களிடமிருந்து மாதத்துக்கு இரண்டு கடிதமாவது எனக்கு வருகிறது. தாவரவியலாக இருக்கட்டும், தமிழாக இருக்கட்டும், ரோபோவாக இருக்கட்டும், எல்லாக் கடிதத்திலும் ஒரே கைடுதான் இருக்கிறார். டிராஃப்டைத் தொடமாட்டார், போனை எடுக்கமாட்டார், வெளிநாட்டுக் கருத்தரங்கில் இருப்பார். அவரைப் பற்றி நான் எழுத ஒன்றுமில்லை. எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் உங்கள் டாக்டரல் கமிட்டியில் மற்ற பேராசிரியர்கள் இருக்கிறார்களே, அவர்கள் முன்னால் சொல்லுங்கள். கமிட்டி என்று ஒன்றை வைத்திருப்பதே அதற்குத்தான். சரி, கைடு கதை முடிந்தது.

நான் உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைக்கு மேல் நகர முடியாமல் நின்றுவிட்டேன். 'வெண்டர்'.

போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். ஒரு வரிகூட முழுசாக இல்லை. வெண்டர் என்றால் யார் என்று உங்களுக்குத் தெரியும். கொட்டேஷன் கொடுப்பார், ஜிஎஸ்டி போட்டு பில் கொடுப்பார், பணம் வரத் தாமதமானால் வாரம் இரண்டு தடவை போன் செய்வார். உங்கள் அப்பா இதில் எதைச் செய்தார்? கொட்டேஷன் கொடுத்தாரா? நீங்கள் எழுதவில்லை, நானே சொல்கிறேன். காசு கொடுக்கும் ஜாப்பை மெஷினிலிருந்து இறக்கி ஓரமாக வைத்துவிட்டு, மகன் கேட்டதை ஏற்றியிருப்பார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை வெர்னியரில் அளந்து, கையில் கீறாமல் இருக்க விளிம்பில் அரம் போட்டு, பழைய செய்தித்தாளில் சுற்றிப் பஸ்ஸில் அனுப்பியிருப்பார். அந்தப் பொட்டலத்தைப் பிரித்து மூட்டில் மாட்டிவிட்டு, கைடு 'யார் செய்தது?' என்றதும் உங்கள் வாயில் வந்தது 'வெண்டர்'.

ஏன் வந்தது? இந்தக் கேள்வியை நீங்கள் உங்களிடம் கேட்கவே இல்லை. அதனால்தான் கேட்கிறேன். பில் இல்லாமல் பாகம் வாங்கினால் கேள்வி வரும் என்றா? அப்பாவிடம் பில் வாங்கியிருக்கலாமே, பட்டறைக்கு பில் புக் இல்லாமலா இருக்கும்? கூட இருக்கும் மாணவர்களின் அப்பாக்கள் வங்கி மேலாளர், பேராசிரியர் என்று இருக்க, 'என் அப்பா லேத் ஓட்டுகிறார்' என்று சொல்ல நாக்கு புரளவில்லை. அவ்வளவுதான். இதை மறைக்க நீங்கள் எழுதிய இன்னொரு வரியைப் பாருங்கள்: 'அவருக்குப் புரியாது.'

நீங்கள் கோவைக்காரர். பள்ளிப் படிப்பை முடிக்காத ஜி.டி. நாயுடு 1937இல் மின்மோட்டார் செய்து காட்டிய ஊர் அது. அந்த ஊரிலிருந்து போன பிள்ளை எட்டாவது படித்தவருக்கு மூட்டும் மோட்டாரும் புரியாது என்று எழுதுவதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. வந்தது வந்ததுதான்.

என் வீட்டுக்காரர் முப்பது வருடம் ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்தவர். உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கைடு, கம்பெனி, கல்யாணம் எதுவும் அவர் காதில் ஏறவில்லை. '3 மில்லிமீட்டர் தள்ளுது' என்றதும் காபியை வைத்துவிட்டு, 'எல்பூல பிளே பார்த்தாங்களா?' என்றார். முழங்கை மூட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று கேட்கிறார்.

பார்த்தீர்களா, தம்பி? எட்டு மாதமாக புரோகிராமை மாற்றினீர்கள், கன்ட்ரோலரின் எண்களை மாற்றினீர்கள், கேமராவைத் திரும்பத் திரும்பக் காலிபரேட் செய்தீர்கள் என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள் (இடமில்லாததால் வெட்டிவிட்டேன்). மூட்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தேன் என்று ஒரு வரி இல்லை. சிமுலேஷனில் மூட்டு ஆடாது, ஏனென்றால் ஆட்டத்தை நீங்கள் எழுதவில்லை. உராய்வுகூட அங்கே நீங்கள் போட்ட எண்தான். நிஜ மூட்டில் சுழலும் தண்டான ஷாஃப்ட்டுக்கும் அதைப் பிணைக்கும் கப்ளிங்குக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் போதும். மோட்டாரோடு இருக்கும் என்கோடர் மோட்டார் எவ்வளவு சுற்றியது என்றுதான் சொல்லும். அதைத் தாண்டி இருக்கும் ஆட்டம் அதற்குத் தெரியாது, ஆகவே உங்கள் கம்ப்யூட்டருக்கும் தெரியாது. முழங்கையில் அரை டிகிரி ஆட்டம் இருக்கிறது என்று வையுங்கள். அங்கிருந்து 400 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும் விரல் நுனியில் அது மூன்றரை மில்லிமீட்டர். கை எந்தப் பக்கமிருந்து வருகிறதோ, எவ்வளவு எடை தூக்குகிறதோ, அதற்கேற்ப ஒவ்வொரு தடவை ஒவ்வொரு பக்கம் தள்ளும். உங்கள் கடிதத்தில் இருப்பதும் அதுதானே?

இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். ஆனால் பாகம் மாற்றிய பிறகு பிழை வந்தால் எந்த ஃபிட்டரும் முதலில் அந்தப் பாகத்தைத்தான் பார்ப்பார். நீங்கள் பார்க்கவில்லை. பார்க்காததற்குக் காரணமும் அந்த வெண்டர்தான். பிழை அங்கே என்று தெரிந்தால் கைடு, 'அந்த வெண்டரைக் கூப்பிடு' என்பார். கூப்பிட முடியுமா? இன்னொன்றும் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்பா கடைந்ததில் குறை என்று ஆகிவிடுமோ என்ற பயம். அது பாசம் போலத்தான் தெரியும். ஆனால் அவர் வேலையை எடைபோடக்கூட லாயக்கில்லாத வேலையாக நினைப்பதற்கு என்ன பேர்? ட்ராயிங்கில் டாலரன்ஸ் போட்டுத்தான் கொடுத்தீர்களா? எத்தனை நூறில் பங்கு மில்லிமீட்டர் விடலாம் என்று எழுதினீர்களா, அல்லது உடைந்த பாகத்தைக் கையில் கொடுத்து 'இதே மாதிரி வேணும்ப்பா' என்றீர்களா? பின்னதுதான் என்றால் குறை அவருடையது அல்ல.

2015 ஜூனில் அமெரிக்காவில் பொமோனா என்ற ஊரில் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்பா ஒரு போட்டி நடத்தியது. உலகத்தின் பெரிய பெரிய லேப்களின் மனித ரோபோக்கள் கதவைத் திறக்கவும் படி ஏறவும் வந்தன. கதவுக் குமிழைப் பிடிக்கப் போய்க் குப்புற விழுந்தன, படியில் மல்லாந்தன. ஜனக்கூட்டம் பார்க்க, கேமரா ஓட, எல்லாம் நடந்தது. வென்றது தென்கொரியாவின் ஹூபோ, 20 லட்சம் டாலர் பரிசு. முழங்காலை மடித்து அதிலிருந்த சக்கரத்தில் உருண்டு போனதால் அது பல இடங்களில் விழாமல் தப்பியது என்பார்கள். விழுந்தவர்கள் எவரும் அந்தக் காலை யார் செய்தது என்று மறைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

இப்போது வேலை விஷயம். பிஎச்.டி.யை விடக்கூடாது. இரண்டு வருடத்துக்கு முன் கேட்டிருந்தால் யோசித்திருப்பேன், ஐந்தாம் வருடத்தில் யோசிக்க ஒன்றுமில்லை. மாதம் 42,000 ரூபாய் உதவித்தொகை வாங்குகிறீர்கள். 2023 ஜனவரியில் உயர்த்தியது. அது ஊர்ப் பணம். வழக்கமாக ஐந்து வருடத்தோடு அது நின்றும் போகும், அதனால் இழுத்தடிக்கவும் முடியாது. பெங்களூருக்காரர்களிடம் ஆராய்ச்சி ஏட்டைச் சமர்ப்பித்துவிட்டு வருகிறேன், இந்த மாதத்துக்குள் முடிப்பேன் என்று ஒரு மாதத்தைச் சொல்லுங்கள். காத்திருந்தால் நல்லது. காத்திருக்காவிட்டால் ரோபோ மூட்டு தெரிந்த ஆளுக்கு வேறு கம்பெனி இல்லாமல் போகாது. நான் பழைய காலத்து ஆள், ஒப்புக்கொள்கிறேன். எடுத்ததை முடிக்காமல் வீட்டுக்கு வரும் பிள்ளையைப் பெற்றவர்கள் சிரித்துத்தான் வரவேற்பார்கள், ஆனால் ராத்திரி தூங்கமாட்டார்கள். 20 லட்சத்தில் அந்தத் தூக்கத்தை வாங்க முடியாது.

பெண் வீட்டார் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர்களுக்குப் போகும் பயோடேட்டாவில் 'தந்தை தொழில்' என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறீர்கள்? 'இன்டஸ்ட்ரியலிஸ்ட்' என்றா? இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். லேத் பட்டறை என்று படித்துவிட்டு வரும் வீட்டில் பெண் எடுங்கள்.

மனம் விட்டுப் பேச ஆளில்லை என்கிறீர்கள். 'எப்ப கண்ணு முடியும்?' என்று ஒருவர் ஐந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு நீங்கள் ஒரு தடவையாவது முழுப் பதில் சொல்லியிருக்கிறீர்களா? 'ரோபோ கை இங்கே வந்து நிற்கவேண்டும், இங்கே போய் நிற்கிறது அப்பா' என்று? சொல்லிப் பாருங்கள். மறுமுனையில் அரை நிமிடம் சத்தமே வராது. அப்புறம் கேள்விகள் வரும். அந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

கைடிடம் நாளைக்கே உண்மையைச் சொல்லிவிடுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், அநேகமாக டிராஃப்ட்டைப் போலவே இதையும் கவனிக்கமாட்டார். பிறகு சேரன் எக்ஸ்பிரஸில் அப்பாவுக்கு ஒரு டிக்கெட் போடுங்கள். ராத்திரி ஏறினால் காலையில் சென்ட்ரல். லேபுக்குக் கூட்டிப் போய் அந்த முழங்கையை அவர் கையில் கொடுங்கள். வரும்போது மயிரிழை ஆட்டத்தையும் அளந்து காட்டும் அவருடைய டயல் கேஜை எடுத்துவரச் சொல்லுங்கள். லேபில் அதைவிட விலை கூடியது இருக்கிறது என்று சொல்லாதீர்கள், அவருடையதையே கொண்டுவரட்டும்.