படித்த பள்ளிக்குப் பணம்: கட்டடத்துக்கா, கட்டணத்துக்கா?

கேள்வி: எனக்கு 60 வயது. கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி ஒன்றில் படித்தேன். நான் கிறிஸ்தவர் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் அப்பா இறந்துபோனார். படிப்பை நிறுத்திவிடலாம் என்று அம்மா சொன்னபோது, தலைமையாசிரியையாக இருந்த சிஸ்டர் என் கட்டணச் சீட்டில் 'செலுத்தப்பட்டது' என்று முத்திரை குத்திக் கையில் கொடுத்தார். யார் பணம் என்று இன்று வரை தெரியாது. இப்போது ஓய்வுப் பணம் வந்திருக்கிறது. பத்தில் ஒரு பங்கைப் பள்ளிக்குக் கொடுக்க நினைக்கிறேன். உடன் படித்தவர்கள் புதுக் கட்டடத்துக்குச் சேர்க்கிறார்கள்; கொடுப்பவர் பெயரைக் கல்வெட்டில் போடுவார்களாம். எப்படிக் கொடுப்பது சரி?

பதில்: 'யார் பணம் என்று தெரியாது' என்கிறீர்களே, உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. கஷ்டப்படும் பிள்ளைகளுக்காகப் பள்ளியில் ஏதோ ஒரு பணம் இருந்ததால்தான் சிஸ்டரால் அந்த முத்திரையைக் குத்த முடிந்தது. என்னைக் கேட்டால் உங்கள் பணமும் அங்கேதான் போக வேண்டும்.

முதலில் உங்கள் வீடு. கடன் இல்லை, மருத்துவக் காப்பீடு இருக்கிறது, இரண்டு வருடச் செலவு கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது என்றால் பத்தில் ஒரு பங்கு தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் மொத்தத்தையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். மூன்றில் ஒரு பகுதியை இப்போது கொடுங்கள். மீதியைத் தனி வைப்பாகப் போட்டு, ஐந்தாறு வருடத்துக்குக் கல்வியாண்டு தொடங்கும் மாதத்தில் அனுப்புங்கள். நடுவில் உங்களுக்கே ஓர் அறுவை சிகிச்சை என்று வந்தால், அந்த வருடம் நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது, பணம் யாருக்குப் போகிறது என்பது. 'பள்ளிக்கு' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். பல இடங்களில் பள்ளிக்கென்று தனியாகச் சட்ட வடிவமே கிடையாது. ஆயரின் கீழுள்ள மறைமாவட்டமோ, ஊர்ப் பங்குக் கோயிலோ, சிஸ்டர்களின் துறவற சபையோ, அவர்கள் பதிவு செய்த அறக்கட்டளையோதான் உரிமையாளர். அந்தப் பதிவுப் பெயரைத் தாளாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தனி மனிதர் பெயரில் இருக்கும் கணக்குக்கு அனுப்ப வேண்டாம், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. உயிலில் எழுதுவதாக இருந்தால் இது இன்னும் முக்கியம். பெயர் தவறினால் உங்கள் பிள்ளைகள்தான் நீதிமன்றத்துக்கு அலைவார்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். கத்தோலிக்கத் திருச்சபைக்கு 1983-இல் வெளியான சட்டத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதன் 1267-ஆம் எண் இரண்டு விஷயம் சொல்கிறது. நிர்வாகியின் கையில் கொடுத்த காணிக்கை, வேறு விதமாகத் தெரியாதவரை, அவருக்கல்ல, நிறுவனத்துக்குக் கொடுத்ததாகவே கொள்ளப்படும். அப்புறம், குறிப்பிட்ட நோக்கத்துக்காகக் கொடுத்ததை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிடலாம். ஆகவே நோக்கத்தை எழுத்தில் சொல்வதுதான் உங்கள் பலம்.

என்னிடம் ஆலோசனை கேட்கும் ஒருவர், தான் படித்த பள்ளிக்கு நூலகம் வைக்கப் பெரிய தொகை கொடுத்தார். வாயால்தான் சொன்னார். ரசீதில் 'பொது நன்கொடை' என்று இருந்தது. அதைக் கவனிக்காமல் மடித்து வைத்துவிட்டார். இரண்டு வருடத்தில் தலைமையாசிரியர் மாறினார். மழையில் சுற்றுச்சுவர் விழ, பணம் அதற்குப் போனது. யாரும் திருடவில்லை. நூலகம் மட்டும் வரவில்லை. அவர் அந்த ரசீதை என் மேசையில் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நீங்கள் கடிதத்திலும், வங்கிப் பரிமாற்றக் குறிப்பிலும், ரசீதிலும் 'கட்டணம் கட்ட முடியாத மாணவியருக்கு' என்ற அதே சொற்கள் இருக்கும்படி பாருங்கள். ரசீதில் இல்லையென்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

அதே சமயம் நோக்கத்தை ரொம்பவும் குறுக்காதீர்கள். 'தந்தையை இழந்த, கணக்கில் முதல் மதிப்பெண் எடுத்த மாணவிக்கு' என்றால் சில வருடம் ஆளே கிடைக்காது, பணம் தூங்கும். 'தகுந்தவர் இல்லாத ஆண்டில் அதை ஒட்டிய வேறு கல்வித் தேவைக்கு' என்று ஒரு வரி சேருங்கள்.

வருடா வருடம் வட்டியில் மட்டும் உதவும் நிரந்தர வைப்பு பற்றிப் பள்ளியே பேசலாம். கணக்கு இதுதான்: முதலின் மதிப்பு விலைவாசியில் கரையாமல் இருக்க, வருடத்துக்கு 4 சதவீதம் போல எடுப்பது நிதானமான அளவு. அப்படியென்றால் ஒரு மாணவியின் ஒரு வருடக் கட்டணத்துக்கு, அதைப் போல 25 மடங்கு தொகை முதலாக வேண்டும். உங்கள் தொகை அவ்வளவு இருக்காது என்று நினைக்கிறேன். நேரடியாகக் கட்டணத்துக்கே கொடுத்தால் இந்த வருடமே சிலர் படிப்பார்கள். வைப்புதான் வேண்டும் என்றால் உடன் படித்தவர்களோடு சேர்ந்து செய்யுங்கள். திருச்சபை அமைப்பு அப்படியொரு நிரந்தர வைப்பை ஏற்க, அதற்குரிய திருச்சபை அதிகாரியின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

கட்டடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கூரை ஒழுகினால் கூரைதான் முதல் தேவை. ஆனால் கல்வெட்டு இருப்பதால் கட்டடத்துக்குப் பணம் சேர்ந்துவிடும். ஜூன் மாதம் வாசலில் கட்டணச் சீட்டோடு நிற்கும் பிள்ளைக்குக் கல்வெட்டு கிடையாது.

வரிச் சலுகை நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவில் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதற்கு வரிக் கழிவு கிடைக்காது. பிரிட்டனில் வரி கட்டுபவர் கிஃப்ட் எய்ட் என்ற நன்கொடை வரிச் சலுகைப் படிவத்தோடு 100 பவுண்டு கொடுத்தால், பதிவு பெற்ற அமைப்பு அரசிடமிருந்து இன்னும் 25 பவுண்டு வாங்கிக்கொள்ளும். அமெரிக்காவில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விலை ஏறிய பங்குகளை விற்காமல் அப்படியே மாற்றிக் கொடுத்தால் அந்த விலையேற்றத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. எங்கே இருந்தாலும் உறையில் ரொக்கம் வேண்டாம். இன்னும் வேலையில் இருக்கும் உங்கள் வகுப்புத் தோழிகளிடம், ஊழியர் தரும் நன்கொடைக்கு இணையாக அவர்கள் நிறுவனமும் தருமா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். கேட்காததாலேயே விட்டுப்போகும் பணம் அது.

இந்த வாரமே தாளாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். பதிவுப் பெயர் என்ன, கட்டண உதவிக்குத் தனிக் கணக்குத் தலைப்பு இருக்கிறதா, போன வருடம் எத்தனை பேருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். மாணவியர் பெயர் கேட்க வேண்டாம், எண்ணிக்கை போதும். பதில் வந்த பிறகு முதல் தவணையை அனுப்புங்கள்.